உடல் சர்க்கரையை எப்படிக் கட்டுகிறது? லூயிஸ் லெலோயிரின் நொதி ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெலோயிர் யார்?

லூயிஸ் பெடெரிகோ லெலோயிர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர். 1906 செப்டம்பர் 6 அன்று பாரிஸில் பிறந்தார். சிறு வயதிலிருந்து வளர்ந்ததும் படித்ததும் புவனஸ் அயர்ஸில். 1932இல் மருத்துவப் பட்டம் பெற்று, கொஞ்ச காலம் மருத்துவமனையில் வேலை பார்த்தார். நோய்க்கு மருந்து எழுதுவதைவிட நோய் ஏன் வருகிறது என்ற கேள்விதான் அவரை இழுத்தது. உடலியல் அறிஞர் பெர்னார்டோ ஹூசேயிடம் சேர்ந்து, அட்ரினல் சுரப்பிக்கும் உடலின் சர்க்கரைக் கையாளுதலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். 1936இல் கேம்பிரிட்ஜ் போய் அங்கே நொதிகளோடு வேலை செய்யப் பழகினார். 1970இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு மட்டுமாக, யாரோடும் பங்கிடப்படாமல் கிடைத்தது. வேதியியலில் நோபல் பெற்ற முதல் லத்தீன் அமெரிக்கர் அவர். 1987 டிசம்பர் 2 அன்று காலமானார்.

அவர் கண்டுபிடித்தது என்ன?

சாதாரண குளுக்கோஸை உயிரணு அப்படியே எடுத்து இன்னொரு சர்க்கரையோடு ஒட்டுவதில்லை. முதலில் அதன்மேல் ஒரு நியூக்ளியோடைடைப் (டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றைக் கட்டும் சிறு மூலக்கூறு வகை) பொருத்துகிறது. அப்படிப் பொருத்திய கூட்டுப்பொருள்தான் சர்க்கரை நியூக்ளியோடைடு. பாலில் உள்ள லாக்டோஸ், கரும்பில் உள்ள சுக்ரோஸ், ஈரலில் சர்க்கரைச் சேமிப்பாக உள்ள கிளைக்கோஜன், தானியத்தில் உள்ள மாவுச்சத்து எல்லாமே இந்த வழியாகத்தான் உருவாகின்றன. இந்தச் சர்க்கரை நியூக்ளியோடைடுகளில் முதலாவதையும், அவற்றைக் கையாளும் நொதிகள் பலவற்றையும் கண்டுபிடித்தது லெலோயிரின் குழு.

அதற்கு முன்பு என்ன நினைத்திருந்தார்கள்?

இந்தக் கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் லெலோயிரின் வேலை எவ்வளவு பெரியது என்று தெரியாது.

1930களில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் கிளைக்கோஜன் எப்படி உடைகிறது என்று கண்டுபிடித்தார்கள். பாஸ்போரிலேஸ் என்ற நொதி கிளைக்கோஜன் சங்கிலியின் முனையிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றி, அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டாக வெளியே விடுகிறது. சோதனைக் குழாயில் இதே நொதியைத் திருப்பியும் ஓட்டலாம். குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டை நிறையக் கொடுத்தால் கிளைக்கோஜன் உருவாகும். உருளைக்கிழங்கிலிருந்து எடுத்த பாஸ்போரிலேஸை வைத்து வேறு ஆய்வாளர்கள் குழாயிலேயே மாவுச்சத்தும் செய்து காட்டினார்கள். நொதி வேலைகள் இரண்டு பக்கமும் போகக்கூடியவை. அதனால் உடைக்கும் நொதியே உடலிலும் கட்டுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றைய நிலையில் அது நியாயமான முடிவுதான்.

ஆனால் சில விஷயங்கள் இடித்தன. உயிரணுவுக்குள் குளுக்கோஸ்-1-பாஸ்பேட் மிகக் குறைவு, தனிப் பாஸ்பேட் மிக அதிகம். அந்த விகிதத்தில் பாஸ்போரிலேஸ் உடைக்கத்தான் செய்யும், கட்டாது. அட்ரினலின் சுரந்து பாஸ்போரிலேஸ் வேகம் எடுக்கும்போதெல்லாம் கிளைக்கோஜன் குறைந்ததே தவிர ஒருமுறையும் கூடவில்லை. மெக்கார்டில் நோய் என்று ஒன்று உண்டு. அந்த நோயாளிகளின் தசையில் பாஸ்போரிலேஸே இல்லை என்று 1959இல் தெரிய வந்தது. அப்படியானால் அவர்கள் தசையில் கிளைக்கோஜனே இருக்கக் கூடாது. ஆனால் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது! கட்டுவதற்கு வேறு வழி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அந்த வேறு வழியை லெலோயிர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

கிளைக்கோஜனைத் தேடித்தான் ஆய்வைத் தொடங்கினாரா?

இல்லை, பாலில் இருந்து தொடங்கினார். பால் சுரப்பி லாக்டோஸை எப்படி உருவாக்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. அந்தத் திசுவில் முயன்று பார்த்தார்கள், பிடி கிடைக்கவில்லை. சரி, உருவாக்குவது தெரியவில்லை என்றால் உடைப்பதையாவது பார்ப்போம் என்று லாக்டோஸைத் தின்று வளரும் ஒரு ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டார்கள். அந்த நாளில் அதன் பெயர் சாக்கரோமைசஸ் ஃப்ராஜிலிஸ்.

லாக்டோஸ் உடைந்தால் ஒரு குளுக்கோஸும் ஒரு கேலக்டோஸும் கிடைக்கும். குளுக்கோஸ் போகும் பாதை ஏற்கெனவே தெரியும். கேலக்டோஸ் என்ன ஆகிறது என்பதுதான் புதிர். இரண்டு சர்க்கரைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்: நான்காவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் குழு ஒன்றில் ஒரு பக்கமும் மற்றதில் எதிர்ப்பக்கமும் இருக்கும். உயிரணு அதை எப்படிப் புரட்டுகிறது என்று தேடிப் போனதில்தான் எல்லாம் வெளியே வந்தது.

யூடிபி-குளுக்கோஸை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முதலில் கேலக்டோஸ்மீது பாஸ்பேட்டை ஏற்றும் நொதியைக் கண்டார்கள். அதன் பெயர் கேலக்டோகைனேஸ். அது கேலக்டோஸ்-1-பாஸ்பேட்டைத் தருகிறது. அடுத்து, ஈஸ்ட் சாறு இந்தப் பொருளை குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக மாற்றுவதைப் பார்த்தார்கள். சாற்றிலிருந்து சிறு மூலக்கூறுகளை நீக்கிவிட்டால் இந்த மாற்றம் நின்றுவிட்டது. கொதிக்க வைத்த சாறு கொஞ்சம் சேர்த்தால் திரும்ப நடந்தது. கொதித்தால் நொதிகள் செத்துவிடும். அப்படியும் வேலை செய்கிறது என்றால், சூடு தாங்கும் சிறு துணைப்பொருள் ஏதோ அதில் இருக்கிறது என்று அர்த்தம்.

தேடியது ஒன்று, இருந்தது இரண்டு. முதலாவது குளுக்கோஸ்-1,6-டைபாஸ்பேட் என்று 1948இல் தெரிந்தது. குளுக்கோஸில் பாஸ்பேட்டை முதல் கார்பனிலிருந்து ஆறாவதற்கு மாற்றும் நொதிக்கு அது தேவை. மற்ற ஆய்வகமாக இருந்தால் இதோடு நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அதுவே ஒரு நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை. கேலக்டோஸ் குளுக்கோஸாகப் புரளும் இடத்தில் இன்னொரு பொருள் வேண்டியிருந்தது.

அதைச் சுத்தப்படுத்தும்போது அது புறஊதா ஒளியை 260 நானோமீட்டர் பக்கத்தில் உறிஞ்சியது. நியூக்ளியோடைடுகளில் வரும் அடினோசினும் அங்கேதான் உறிஞ்சும். ஆனால் வரைகோட்டின் வடிவம் சரியாகப் பொருந்தவில்லை, அதே வகையைச் சேர்ந்த யூரிடினோடுதான் பொருந்தியது. இலேசான அமிலத்தில் சூடாக்கினால் அதிலிருந்து குளுக்கோஸ் பிரிந்தது. குளுக்கோஸ் பிரியப் பிரிய, துணைப்பொருளின் வேலைத்திறனும் அதே வேகத்தில் குறைந்தது. அப்படியானால் குளுக்கோஸ் அதில் ஒட்டிக்கொண்ட அழுக்கு இல்லை, அதன் உறுப்பே. ஒரு யூரிடின், இரண்டு பாஸ்பேட், ஒரு குளுக்கோஸ்: யூரிடின் டைபாஸ்பேட் குளுக்கோஸ், சுருக்கமாக யூடிபி-குளுக்கோஸ். 1950இல் கார்டினி, பாலதினி, கபுத்தோ, லெலோயிர் நால்வரும் இதை வெளியிட்டார்கள்.

லெலோயிர் பாதை என்பது என்ன?

நாம் குடிக்கும் பாலில் உள்ள கேலக்டோஸை ஈரல் குளுக்கோஸாக்கும் பாதை. கேலக்டோஸ்மீது பாஸ்பேட் ஏறுகிறது. அப்புறம் கேலக்டோஸ்-1-பாஸ்பேட்டும் யூடிபி-குளுக்கோஸும் தங்கள் சர்க்கரையை மாற்றிக்கொள்கின்றன; குளுக்கோஸ்-1-பாஸ்பேட் வெளியே வருகிறது, கேலக்டோஸ் யூடிபியோடு சேர்கிறது. கடைசியில் எபிமரேஸ் என்ற நொதி யூடிபி-கேலக்டோஸின் நான்காவது கார்பனைப் புரட்டி, அதை யூடிபி-குளுக்கோஸாகவே திருப்பித் தருகிறது.

செலவான யூடிபி-குளுக்கோஸ் அப்படியே திரும்பக் கிடைத்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் கொஞ்சமே இருந்தாலும் வேலை நடக்கிறது. நடுவில் வரும் அந்த மாற்று நொதியை விளக்கியதில் உயிர்வேதியியலாளர் ஹெர்மன் கால்கருக்குப் பெரிய பங்கு உண்டு. எபிமரேஸ் லெலோயிருடையது.

இந்தப் பாதை பழுதானால்?

கேலக்டோசீமியா என்ற பிறவிக் கோளாறு வரும். நடுவில் உள்ள மாற்று நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலே தீங்காகிறது. பால் குடிக்கத் தொடங்கிய சில நாளில் வாந்தி, மஞ்சள் காமாலை, எடை ஏறாமை, ஈரல் பாதிப்பு என்று தொடங்கி, இரத்தத்தில் கிருமித்தொற்று வரை போகலாம். கண்ணில் புரையும் விழும். உடைக்கப்படாத கேலக்டோஸ்-1-பாஸ்பேட் உயிரணுக்களில் தேங்குவதுதான் காரணத்தின் மையம். கண்புரைக்குக் காரணம் வேறு: கேலக்டோஸ் கண் வில்லைக்குள் கேலக்டிட்டால் என்ற பொருளாக மாறி அங்கேயே தங்கி, தண்ணீரை உள்ளே இழுக்கிறது.

எந்த நொதி இல்லை என்பதை 1956இல் கால்கரின் குழு காட்டியது. எபிமரேஸும் யூடிபி-குளுக்கோஸும் தெரியாமல் இருந்திருந்தால் இதைக் கண்டிருக்கவே முடியாது. ஈஸ்ட் சாற்றில் சூடு தாங்கும் ஏதோ ஒன்றைத் தேடிய வேலை, ஆறே ஆண்டில் தொட்டில் குழந்தையின் உயிரைக் காக்கும் அறிவாக மாறியது. அடிப்படை ஆய்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

இப்போது பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். உடனே லாக்டோஸ் இல்லாத குழந்தை உணவுக்கு, பெரும்பாலும் சோயாவில் செய்ததற்கு மாற்றிவிட்டால் உயிர் ஆபத்து விலகும். வளர்ந்த பிறகு பேச்சிலும் கற்பதிலும் சில சிக்கல்கள், பெண்களுக்குச் சினைப்பைக் குறைபாடு ஆகியவை வரலாம் என்பதால் மருத்துவக் கண்காணிப்பு தொடர வேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புவதும் இதுவும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வேறு வேறு. வயிறு உப்புவது லாக்டேஸ் குறைவால். குடலில் லாக்டோஸை இரண்டாக வெட்டும் நொதி அது. உலகில் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் இது குறைந்துவிடுகிறது. தொந்தரவுதான், ஆபத்து இல்லை.

அப்படியானால் லாக்டோஸ் நீக்கிய பாலைக் கேலக்டோசீமியா குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லாக்டோஸ் நீக்கிய பால் என்று விற்பதில் பெரும்பாலும் லாக்டோஸை எடுத்து வெளியே கொட்டுவதில்லை. லாக்டேஸ் நொதியைச் சேர்த்து குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் வெட்டியிருப்பார்கள். கேலக்டோஸ் அத்தனையும் பாலிலேயே இருக்கும். லாக்டேஸ் குறைந்தவருக்கு அது நல்ல தீர்வு. கேலக்டோசீமியா உள்ள குழந்தைக்கு விஷத்துக்குச் சமம்.

பாலில் லாக்டோஸ் எப்படி உருவாகிறது என்ற முதல் கேள்வி என்ன ஆயிற்று?

விடை கிடைத்தது, ஆனால் வேறு ஆய்வகங்களில். பால் சுரப்பியில் யூடிபி-கேலக்டோஸிலிருந்து கேலக்டோஸை எடுத்து ஒரு நொதி குளுக்கோஸோடு இணைக்கிறது என்று 1962இல் வாட்கின்ஸும் ஹாசிடும் காட்டினார்கள். ஆல்பா-லாக்டால்புமின் என்ற பால் புரதம் கூட இருந்தால்தான் அந்த நொதி குளுக்கோஸைப் பிடிக்கிறது என்பது அதற்குப் பின் தெரிந்தது.

நியூக்ளியோடைடு எதற்கு? பாஸ்பேட் போதாதா?

இரண்டு காரணம். ஒன்று ஆற்றல். குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டின் பிணைப்பை உடைத்தால் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 21 கிலோஜூல் கிடைக்கும். யூடிபி-குளுக்கோஸில் அது 30ஐத் தாண்டும். இந்தக் கூடுதல்தான் வேலையைக் கட்டும் திசையில் தள்ளுகிறது. மேலும் யூடிபி-குளுக்கோஸை உருவாக்கும்போது வெளியேறும் பைரோபாஸ்பேட்டை (இரண்டு பாஸ்பேட் சேர்ந்தது) உயிரணு உடனே உடைத்துவிடுவதால் திரும்பிப் போகும் வழியும் அடைபடுகிறது.

இரண்டாவது, அடையாளம். சுடு பாத்திரத்துக்கு இடுக்கி மாதிரி, நொதிக்குப் பிடித்துக்கொள்ள நியூக்ளியோடைடு ஒரு பிடியைக் கொடுக்கிறது. எந்த நியூக்ளியோடைடு என்பதைப் பார்த்து, இந்தச் சர்க்கரை எந்த வேலைக்கு என்று நொதிகள் பிரித்தறிகின்றன. உடைக்க ஒரு பாதை, கட்ட ஒரு பாதை என்று தனித்தனியாக இருப்பதால்தான் ஒன்றை மூடி மற்றதைத் திறக்க உடலால் முடிகிறது. ஒரே நொதி இரண்டையும் செய்தால் இன்சுலினுக்கு அங்கே வேலையே இருக்காது. லெலோயிர் நமக்குக் கற்றுக்கொடுத்ததில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

சுக்ரோஸ்?

1955இல் கோதுமை முளையிலிருந்து எடுத்த சாற்றில் இரண்டு நொதிகளைக் கண்டார்கள். ஒன்று யூடிபி-குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் நேராக இணைக்கிறது. மற்றது ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டோடு இணைத்து சுக்ரோஸ் பாஸ்பேட்டைத் தருகிறது. பாஸ்பேட்டை இன்னொரு நொதி கழற்றிவிடும். இலையில் சுக்ரோஸ் உருவாவது முக்கியமாக இந்த இரண்டாவது வழியில். முதல் நொதி செடிக்குள் பெரும்பாலும் எதிர்த்திசையில், வந்து சேர்ந்த சுக்ரோஸைப் பிரித்து எடுக்கவே பயன்படுகிறது.

கிளைக்கோஜன்?

1957இல் லெலோயிரும் கார்டினியும், ஈரலில் யூடிபி-குளுக்கோஸிலிருந்து கிளைக்கோஜன் வளர்வதைக் காட்டினார்கள். அந்த நொதிதான் கிளைக்கோஜன் சிந்தேஸ். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் அதைத் தூண்டுகிறது என்பதும் லெலோயிரின் குழு கண்டதே. உள்ளே சர்க்கரை மிகுந்தால் சேமிப்பு தானாகவே வேகம் பிடிக்கும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாவுச்சத்தும் யூடிபி-குளுக்கோஸிலிருந்துதானா?

முதலில் அப்படித்தான் தெரிந்தது. அவரை வகை விதையின் மாவுச்சத்துத் துகள்களை எடுத்து யூடிபி-குளுக்கோஸோடு கலந்தார்கள். துகளிலேயே ஒட்டியிருந்த நொதி குளுக்கோஸைச் சங்கிலியில் சேர்த்தது. ஆனால் மிக மெதுவாக. இந்த மந்தத்தை லெலோயிர் அப்படியே விட்டுவிடவில்லை. 1961இல் ரெகொண்டோவும் அவரும் யூரிடினுக்குப் பதில் அடினோசின் உள்ள ஏடிபி-குளுக்கோஸை வேதிமுறையில் செய்து கொடுத்துப் பார்த்தார்கள். வேகம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடியது. அந்தப் பொருள் இயற்கையில் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு மக்காச்சோளத்திலிருந்தே அதைப் பிரித்தெடுத்தார்கள்.

உணவு அறிவியலில் இந்தப் பகுதிதான் மிக வளமானது. மாவுச்சத்தில் இரண்டு உண்டு: கிளையில்லாத நீண்ட அமைலோஸ், கிளை கிளையான அமைலோபெக்டின். சாதாரண மாவுச்சத்தில் அமைலோஸ் 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். அதை உருவாக்குவது துகளோடு ஒட்டியிருக்கும் அந்த நொதிதான். அது இல்லாத மக்காச்சோள வகையில் கிட்டத்தட்ட அமைலோஸே இருக்காது. வேகவைத்தால் வழவழவென்று இருக்கும். ஒட்டிக்கொள்ளும் அரிசி வகைகளிலும் இதே நொதிதான் குறைகிறது.

மாறாக, கிளை போடும் நொதி குறைந்தால் அமைலோஸின் பங்கு ஏறும். அப்படிப்பட்ட மாவுச்சத்து சிறுகுடலில் எளிதில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், கிட்டத்தட்ட நார்ச்சத்துபோல நடந்துகொள்ளும். மெண்டல் வைத்திருந்த சுருங்கிய பட்டாணி நினைவிருக்கிறதா? அதில் பழுதானது கிளை போடும் நொதி என்று 1990இல் தெரிந்தது. மாவுச்சத்தாக மாற முடியாத சுக்ரோஸ் தேங்கி, தண்ணீரை இழுத்து, காயும்போது விதை சுருங்கிவிடுகிறது.

அவருடைய ஆய்வகம் மிக எளிமையானது என்கிறார்களே?

உண்மைதான். 1943இல் இராணுவப் புரட்சிக்குப் பின், மக்களாட்சி கோரும் அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக ஹூசே பல்கலைக்கழகப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். லெலோயிரும் வெளியேறி அமெரிக்கா போனார். அங்கே கோரி தம்பதியரின் ஆய்வகத்திலும் சில மாதங்கள் இருந்தார். நாடு திரும்பிய பின், துணி ஆலை அதிபர் ஹைமே கம்போமார் தந்த பணத்தில் 1947இல் ஒரு சிறிய வீட்டில் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. மழை பெய்தால் நூலகக் கூரை ஒழுகும். புத்தகங்கள் நனையாமல் இருக்க லெலோயிரே அட்டையில் தூம்பு செய்து கட்டினார். அவர் உட்காரும் நாற்காலியின் இருக்கையைக் கயிறு தாங்கிப் பிடித்திருந்தது. அதற்கும் முன்பு, குளிரூட்டும் மையவிலக்கி இல்லாத காலத்தில், டயர் ட்யூபில் ஐஸும் உப்பும் நிரப்பிச் சுற்றிக் கட்டி வேலை செய்திருக்கிறார்.

இதைச் சொல்லி வறுமையைப் புகழ வேண்டியதில்லை. கம்போமார் இறந்தபோது நிறுவனமே மூடும் நிலைக்கு வந்தது. வெளிநாட்டு ஆய்வு நிதி கிடைக்காமல் போயிருந்தால் ஏடிபி-குளுக்கோஸை அந்தக் குழு கண்டிருக்காது.

தனியாகப் பரிசு வாங்கினார் என்றால் தனியாகச் செய்தாரா?

இல்லை. ரன்வெல் கபுத்தோ, கார்லோஸ் கார்டினி, ராவுல் த்ருக்கோ, அலெஹாந்த்ரோ பாலதினி, என்ரிகோ கபிப் என்று பலர். கட்டுரைகளிலேயே அவருடைய பெயர் பல இடங்களில் கடைசியில்தான் வரும்.

தேர்வுக்குப் படிக்கிறேன். எந்தப் பொருளுக்கு எந்த நியூக்ளியோடைடு?

விலங்குகளின் கிளைக்கோஜனுக்கு யூடிபி-குளுக்கோஸ். பாக்டீரியாவின் கிளைக்கோஜனுக்கும் செடியின் மாவுச்சத்துக்கும் ஏடிபி-குளுக்கோஸ். இங்கேதான் அதிகம் பேர் மாற்றி எழுதுகிறார்கள். சுக்ரோஸுக்கும் செல்லுலோஸுக்கும் யூடிபி-குளுக்கோஸ். லாக்டோஸுக்கு யூடிபி-கேலக்டோஸ். பூச்சிகளின் ஓட்டில் உள்ள கைட்டினுக்கு யூடிபி-என்-அசிட்டைல்குளுக்கோசமின். புரதத்தில் ஏறும் மன்னோஸ் என்ற சர்க்கரை, யூரிடினுக்குப் பதில் குவனோசின் உள்ள ஜிடிபி-மன்னோஸிலிருந்து வருகிறது. அதைக் கண்டதும் லெலோயிரின் குழுவே, 1954இல்.